நூல்கள் திருத்திய விடைத்தாள்

இளம் நண்பர்களே,

ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் இரண்டு பொருள்கள் எஞ்சி நிற்கின்றன. ஒன்று நேரம், மற்றொன்று பழக்கம். விடியற்காலையில் எழுந்து, சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாவைச் செருகிக்கொள்ளும் பழக்கம் என்னை விட்டு இன்னும் அகலவில்லை. திருத்துவதற்கு விடைத்தாள்தான் இல்லை. ஆகவே அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். நூலகத்து நூல்களில் கோடு போடக்கூடாது என்பதால், கூடவே ஒரு குறிப்பேடும் கொண்டுபோனேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்தவன் நான். எனினும் ஓர் உண்மையை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பணியில் இருந்த காலத்தில், பாடநூலுக்கு அப்பால் ஒரு விஞ்ஞான நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்தது மிகவும் அரிது. கால அட்டவணை, வருகைப் பதிவேடு, தேர்வு, ஆய்வு என்று நாள்கள் ஓடிவிட்டன. கதை நூல்களையோ, அதிலும் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளையோ, பொழுதைக் கொல்லும் பண்டம் என்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

அண்மையில் படித்த நூல்களைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஐந்து நூல்கள், ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தவைபோல வரிசையாக நின்றன. முதல் மூன்றும் உண்மையை உரைக்கும் நூல்கள். பின்னிரண்டும் கற்பனைக் கதைகள். ஐந்தும் பேசுவது ஒரே பொருளை. மனிதன் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமியின் தட்பவெப்பநிலை மாறிவருகின்றதே, அதனைத்தான். இந்த ஐந்து நூல்களும் சேர்ந்து, நான் என்றோ திருத்தி முடித்த ஒரு விடைத்தாளை மீண்டும் எடுத்துத் திருத்திவிட்டன. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதல் நூல், அமெரிக்க நாட்டு ஸ்பென்சர் வேர்ட் எழுதி 2003-இல் வெளிவந்த 'புவி வெப்பமாதலின் கண்டுபிடிப்பு'. பௌதிகம் பயின்று, பின்னர் விஞ்ஞான வரலாற்றுக்கு வந்தவர் வேர்ட். ஓர் உண்மை எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதை இந்த நூல் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறது. பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் செய்திக்குப் பின்னால் நூறு ஆண்டு உழைப்பு இருக்கலாம் என்பதை அறிந்து வியந்தேன்.

1859-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஜான் டின்டல் என்னும் பௌதிக அறிஞர், காற்றிலுள்ள வாயுக்கள் ஒவ்வொன்றும் வெப்பக் கதிர்களை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பார்த்தார். பிராணவாயுவும் நைட்ரஜனும் அக்கதிர்களை அநேகமாகத் தடையின்றி விட்டுவிடுகின்றன. நீராவியும் கரியமில வாயுவும் அவற்றைப் பிடித்து வைக்கின்றன என்று கண்டார். நீங்கள் கார்பன் டை ஆக்சைடு என்று படிப்பதைத்தான் நாங்கள் கரியமில வாயு என்று படித்தோம். பழைய பெயர் என் நாவில் ஊறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் 1896-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ், காற்றிலுள்ள கரியமில வாயு இருமடங்கானால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். கையாலேயே ஓராண்டுக் காலம் கணக்குப் போட்டு, ஐந்து முதல் ஆறு டிகிரி வரை என்று விடை கண்டார். இன்றைய ஆராய்ச்சியாளர் கூறும் அளவு ஏறத்தாழ மூன்று டிகிரி. விடை சற்று மிகுதி என்றாலும், வழிமுறை சரி. கணக்கில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமன்றோ? எனினும் அரீனியஸ் இதனைக் கண்டு அஞ்சவில்லை. அந்த இருமடங்குக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றும், குளிர்நாட்டு மக்களுக்கு அது நன்மையே தரும் என்றும் எண்ணினார்.

1938-இல் இங்கிலாந்தில் கை காலண்டர் என்னும் நீராவிப் பொறியியலாளர், உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் பழைய பதிவேடுகளைத் தம் ஓய்வு நேரத்தில் திரட்டினார். உலகம் சூடேறிவருகிறது, அதற்குக் கரியமில வாயு ஒரு காரணம் என்று வானிலை அறிஞர்களின் அவையில் கட்டுரை படித்தார். கேட்டவர்கள் ஐயுற்றனர். வானிலைத் துறையைச் சாராத ஒருவர் சொன்னதை அவர்களால் எளிதில் ஏற்க முடியவில்லை.

இறுதியாக 1958-இல் சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்க இளைஞர், ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் உயரத்தில் ஒரு கருவியை நிறுவிக் காற்றிலுள்ள கரியமில வாயுவை நாள்தோறும் அளக்கத் தொடங்கினார். நகரங்களின் புகை எட்டாத இடம் அது. பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. ஆண்டின் ஒரு பாதியில் அந்த அளவு சிறிது குறையும். மறு பாதியில் கூடும். வடகோளத்துக் காடுகள் தழைக்கும்போது வாயுவை உட்கொள்கின்றன. இலை உதிர்ந்து மட்கும்போது திருப்பித் தருகின்றன. பூமி மூச்சு விடுவதைக் கீலிங் கண்டுவிட்டார்! ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த மூச்சின் அளவு முந்திய ஆண்டைவிடச் சிறிது ஏறியே நின்றது. பணமுடையால் 1964-இல் சில காலம் அளவை நின்றும் போயிற்று. கீலிங் மனம் தளரவில்லை. 2005-இல் அவர் மறைந்த பின்னும் அந்தப் பணி தொடர்கிறது.

இந்த வரிசையில் பரவலாக அறியப்படாதிருந்த ஒருவரையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். டின்டலுக்கு மூன்று ஆண்டு முன்னரே, 1856-இல், யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு நிரம்பிய உருளையே மிகுதியாகச் சூடேறியது. ஆறுவதற்கும் நெடுநேரம் ஆயிற்று. இந்த வாயு மிகுந்த வளிமண்டலம் பூமிக்கு மிகுந்த வெப்பத்தைத் தரும் என்று அவர் எழுதினார். அவர் கட்டுரை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2011-இல் அதனை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நிலவியல் வல்லுநர். ஓய்வுபெற்றவர்களாலும் சில காரியம் ஆகும் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நண்பர்களே, கீலிங் கண்ட எண்ணில் என் பேனா நின்றுவிட்டது. பத்து லட்சத்தில் 315 பங்கு. சதவீதத்தில் சொன்னால் 0.0315. இதை நாம் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 0.03. ஆம், நான் மாணவனாயிருந்தபோது மனப்பாடம் செய்த எண் அதுவே. 'காற்றில் கரியமில வாயு 0.03 சதவீதம்' என்று ஆசிரியரான பின்னரும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன்.

இப்போது அந்த விடைத்தாளுக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டு, அரையாண்டுத் தேர்வு. தலைமையாசிரியனாக இருந்தும் ஒரு வகுப்புக்கு மட்டும் விஞ்ஞானப் பாடம் எடுத்துவந்தேன். வினாத்தாளும் நானே எழுதியது. விடைக்குறிப்பும் நானே எழுதியது. காற்றில் கரியமில வாயுவின் அளவு யாது என்பது ஒரு மதிப்பெண் வினா. ஒரு மாணவன் 0.04 என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி இட்டு, பக்கத்தில் 0.03 என்று எழுதினேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று மாலை அவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, நூலகத்தில் ஒரு விஞ்ஞான இதழில் இப்படித்தான் போட்டிருந்தது" என்றான். "தம்பி, தேர்வில் கேட்பது பாடத்தில் உள்ளதை, இதழில் உள்ளதை அன்று. இனி ஒழுங்காகப் படி" என்றேன். "சரி ஐயா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை அன்றே மறந்தும்விட்டேன்.

வேர்டின் நூலை மூடிவிட்டு, மௌனா லோவாவில் ஆண்டுதோறும் அளந்த எண்களைத் தேடிப் பார்த்தேன். 2009-இல் பத்து லட்சத்தில் 387 பங்கு. அதாவது 0.0387 சதவீதம். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 0.04. அவன் எழுதியது சரி. நான் எழுதியது தவறு. இன்று அந்த அளவு 420 பங்கையும் கடந்துவிட்டது.

இதை ஒரு சிறு பிழை என்று தள்ளிவிடலாமா? எண்ணிப் பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முன்னர் காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டியில் சிறைப்பட்டுக் கிடக்கும் பழங்காலக் காற்றுக் குமிழ்களை ஆராய்ந்தவர்கள், எட்டு லட்சம் ஆண்டுகளாக அது 300 பங்கைத் தாண்டியதில்லை என்று கண்டிருக்கிறார்கள். எட்டு லட்சம் ஆண்டுகளாக 0.03-ஐத் தாண்டாத ஒன்று, என் வாழ்நாளில் 0.04 ஆயிற்று. மனித வரலாற்றின் மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்று, நான் கற்பித்த பாடத்தில், நான் கற்பித்த ஆண்டுகளில், என் கரும்பலகையின் மீதே நடந்திருக்கிறது. அதைக் கவனித்தவன் ஒரு சிறுவன். கவனித்ததற்காக அவனிடம் ஒரு மதிப்பெண்ணைப் பறித்தவன் நான்.

எண் என்பது கல்லில் பொறித்த எழுத்தன்று. யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், என்றோ ஒருநாள் அளந்தது அது. அளந்த ஆண்டை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், அது சில காலம் உண்மையாயிருந்து பின்னர் பொய்யாகிவிடக்கூடும். இதை நான் ஆசிரியப் பயிற்சியில் கற்கவில்லை. ஓய்வுபெற்ற பின் கற்றேன்.

ஆயினும் எண்ணை அறிந்தவுடன் நெஞ்சு அசைந்துவிடுகிறதா என்றால், இல்லை. தவறு செய்தேன் என்ற நாணம் வந்தது. அந்தத் தவறு யாரைத் தொடுகிறது என்பது விளங்கவில்லை. அதை விளக்கியது இரண்டாவது நூல். எலிசபெத் கோல்பர்ட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதி 2006-இல் வெளிவந்த 'ஒரு பேரழிவின் களக்குறிப்புகள்'. அவர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. பனி உருகும் இடங்களுக்கே சென்று எழுதினார். அலாஸ்காவை அடுத்த ஒரு சிறு தீவில் ஷிஷ்மரெஃப் என்ற சிற்றூர் உள்ளது. குளிர்காலத்தில் கடல் உறைந்து, புயலலைகளிலிருந்து அவ்வூரைச் சுவர்போலக் காத்துவந்தது. கடல் உறைவது தாமதமாகத் தாமதமாக, அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. 2002-இல் ஊரார் கூடி, தங்கள் ஊரையே வேறிடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போவதென்று வாக்களித்தனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டுப் போவோம் என்று கை தூக்குவது எவ்வளவு துயரமான செயல்! 0.03 என்பது 0.04 ஆனால் என்ன நேரும் என்ற வினாவுக்கு, அந்த ஊரார் ஒரு விடை எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது நூலை எழுதியவர் நம் நாட்டவர். வங்கத்தில் பிறந்த நாவலாசிரியர் அமிதாவ் கோஷ். 2016-இல் வெளிவந்த 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' என்ற நூலின் பெயரைப் 'பெரும் மதிமயக்கம்' என்று சொல்லலாம். அவர் முன்னோர் பத்மா நதிக்கரையில் வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த நதி திடீரெனத் தன் போக்கை மாற்றிக்கொண்டு ஊரை விழுங்கியது, குடும்பம் இடம்பெயர்ந்தது. இத்தகைய குடும்பத்தில் வந்தவர் ஒரு கேள்வியை எழுப்புகிறார். இவ்வளவு பெரிய மாற்றம் கண்ணெதிரே நடக்கும்போது, நம் காலத்துச் சிறந்த நாவல்கள் ஏன் அதைப் பேசாமல் இருக்கின்றன?

அவர் தம் அனுபவத்தையே சான்று காட்டுகிறார். 1978 மார்ச் மாதம் 17-ஆம் நாள், டில்லியில் மாணவராயிருந்தபோது, நூலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒரு சுழற்காற்றில் சிக்கிக்கொண்டார். அந்நகரம் அதற்கு முன் அப்படியொன்றைக் கண்டதில்லை. பிற்காலத்தில் நாவலாசிரியரான அவர், அந்நிகழ்ச்சியைக் கதையில் வைக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லையாம். ஏன்? நாவலில் அன்றாட வாழ்க்கை நடக்கவேண்டும். நடக்கக் கூடியதாகத் தோன்றுவதே நடக்கவேண்டும். சுழற்காற்று வந்தால், 'ஆசிரியர் வலிந்து புகுத்தினார்' என்று வாசகர் சொல்வர். ஆதலால் இயற்கையின் பெருஞ்சீற்றம் எல்லாம் விஞ்ஞானக் கற்பனை என்ற தனி அறைக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வந்தது. 1964 டிசம்பரில் ஓர் இரவு, கடல் எழுந்து ஒரு துறைமுக ஊரையும், அதை நோக்கி வந்த புகைவண்டியையும் பயணிகளோடு வாரிக்கொண்டு போயிற்று. அப்போது நான் சிறுவன். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் அதைப் பேசியது நினைவிருக்கிறது. ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால் நம்புவோமா? நடந்துவிட்டதால் நம்புகிறோம். நடக்கவில்லை என்றால் கட்டுக்கதை என்போம். நமக்கு எது நம்பத்தக்கது என்பதை உண்மை முடிவு செய்வதில்லை; பழக்கமே முடிவு செய்கிறது. 0.04 என்ற விடையை நான் நம்பாததற்கும் பழக்கமன்றோ காரணம்?

கோஷ் சுட்டிக் காட்டிய அந்தத் தனி அறையின் கதவைத்தான் அடுத்துத் தட்டினேன். நான் இகழ்ந்து ஒதுக்கிய விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் அங்கே இருந்தன.

முதலில் எடுத்தது பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் 1889-இல் எழுதிய கதை. 'வடதுருவம் வாங்கிய கதை' என்று அதை அழைக்கலாம். அவருடைய சந்திரப் பயணக் கதையில் வரும் பால்டிமோர் பீரங்கிச் சங்கத்தார் இதிலும் வருகின்றனர். வடதுருவப் பகுதியை அவர்கள் ஏலத்தில் வாங்குகிறார்கள். எதற்காக? பனிக்கு அடியில் நிலக்கரி கிடக்கிறது என்று நம்புகிறார்கள். பனியை உருக்குவது எப்படி? ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலையில் ஒரு மாபெரும் பீரங்கியைக் குடைந்தெடுத்து வெடித்தால், அந்த உதைப்பில் பூமியின் அச்சு நிமிர்ந்துவிடும். துருவம் வெப்பம் பெற்றுப் பனி உருகும் என்பது திட்டம். அதனால் எந்தெந்த நாடு கடலில் மூழ்கும் என்பது பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. உலகம் நடுங்குகிறது. பீரங்கி வெடிக்கிறது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை!

காரணம் என்ன தெரியுமா? கணக்குப் பிழை. சங்கத்தின் கணித வல்லுநரான மாஸ்டன் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி மணி அடிக்கிறது. இடி மின்னலில் அவர் தூக்கி எறியப்படுகிறார். பலகை சாய்ந்து எழுத்து அழிகிறது. மீண்டும் எழுதும்போது, பூமியின் சுற்றளவாகிய 4 கோடி மீட்டருக்குப் பதில் 40,000 மீட்டர் என்று எழுதிவிடுகிறார். மூன்று பூஜ்யங்கள் போயின, உலகம் பிழைத்தது. கணக்கு ஆசிரியனாகிய நான் தனியே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. நிலக்கரியை எடுப்பதற்காகப் பனியை உருக்க நினைத்தார்கள் வெர்னின் மாந்தர். நாமோ நிலக்கரியை எடுத்து எரித்ததனாலேயே பனியை உருக்கிவிட்டோம். அதற்குப் பீரங்கி தேவைப்படவில்லை. கணக்கு முன்னரே சரியாகப் போடப்பட்டிருந்தது. அதைப் படிக்கத்தான் ஆள் போதவில்லை. இந்தக் கதை வெளிவந்து ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் அரீனியஸ் தம் கணக்கை வெளியிட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். வெர்ன் வருவதை உரைத்தவர் அல்லர். பேராசை எந்த வழியில் நடக்கும் என்பதை அறிந்தவர், அவ்வளவே.

ஐந்தாவது நூல் கிம் ஸ்டான்லி ராபின்சன் என்னும் அமெரிக்கர் எழுதி 2020-இல் வெளிவந்த 'எதிர்காலத்துக்கான அமைச்சகம்' என்ற நாவல். அதன் முதல் அத்தியாயம் நம் நாட்டில், உத்தரப் பிரதேசத்தில், ஒரு சிற்றூரில் நடக்கிறது. ஒரு வெப்ப அலை வருகிறது. மின்சாரம் நின்றுவிடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்து நிற்கிறது. மக்கள் ஏரிக்குள் இறங்கி நிற்கிறார்கள். ஏரி நீரும் சுடுகிறது. விடியும்போது உயிரோடு எஞ்சுபவன், அங்கே தொண்டு செய்யவந்த ஓர் அயல்நாட்டு இளைஞன். கதையில் அந்த வெப்ப அலையால் இரண்டு கோடி மக்கள் மடிகின்றனர்.

இது கற்பனை. ஆனால் இதன் அடியில் உள்ள விஞ்ஞானம் கற்பனையன்று. நம் வீட்டு மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் நீர் குளிர்கிறது. ஆனால் புழுக்கமான நாளில் பானை நீர் அவ்வளவு குளிர்வதில்லை. ஏனெனில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், நீர் ஆவியாக இடமில்லை. நம் உடலும் ஒரு மண்பானையே. வியர்வை ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஈரத்துணி சுற்றிய ஒரு வெப்பமானி இருக்கலாம். அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நல்ல உடல்நலம் உள்ளவர் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் ஆராய்ச்சியாளர் எழுதினர். அதற்கும் குறைந்த அளவிலேயே உடல் திணறத் தொடங்குகிறது என்பது பின்னர் ஆட்களைக் கொண்டு செய்த சோதனைகளில் தெரியவந்தது. முதியவர்க்கும், வெயிலில் உழைப்பவர்க்கும் எல்லை இன்னும் குறைவு.

நண்பர்களே, ஈரக்குமிழ் வெப்பமானியைப் பற்றி நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். அது ஒரு மனிதன் உயிர் வாழ்வானா என்பதைச் சொல்லும் கருவி என்பது, ஒரு கதையைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

இந்த நாவல் முழுவதும் எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். வங்கி, நாணயம் பற்றிய சில அத்தியாயங்களில் கண் சொக்கியது. வன்முறையில் இறங்கும் குழுவினரும் கதையில் வருகின்றனர். அந்த வழியை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் இந்த நாவலில் உலகைக் காக்கும் தனிவீரன் ஒருவனும் இல்லை. சூரிச் நகரில் ஓர் அலுவலகத்தை நடத்தும் மேரி மர்ஃபி என்னும் பெண்மணி, பனிப்பாறைக்கு அடியிலுள்ள நீரை இறைக்கப் பாடுபடும் பொறியியலாளர், உழவர், அகதிகள் என்று பலர் சிறிது சிறிதாகச் செய்யும் வேலை பல ஆண்டுகளில் பலன் தருகிறது. கரியமில வாயுவின் அளவு முதன்முறையாகக் குறையும் நிலை வரை கதை செல்கிறது. கீலிங்கின் எண் கீழே இறங்குவதைக் கதையிலேனும் பார்த்துவிட்டேன்!

அது கதையில்தானே நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். உண்மையிலும் அதுபோன்றதொன்று நடந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தைக் கரைக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு அறிஞர் எழுதினர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் அந்தப் படலம் பெரிதும் மெலிந்துபோனது கண்டறியப்பட்டது. 1987-இல் மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. பின்னர் அந்த வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. படலம் மெல்ல மீண்டுவருகிறது. கரியமில வாயுவின் சிக்கல் இதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அளந்தவர் சொன்னதை ஆள்பவர் கேட்ட நாளும் உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

இவற்றையெல்லாம் படித்ததில் எனக்குத் தோன்றிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். உண்மை நூல் 'என்ன நடக்கிறது' என்று சொல்கிறது. கற்பனைக் கதை 'அது உனக்கு நடந்தால்' என்று கேட்கிறது. முன்னதை மட்டும் படித்தால் எண்கள் மனத்தில் தங்கும், மனிதர் தங்கமாட்டார்கள். பின்னதை மட்டும் படித்தால் அச்சம் தங்கும், அளவு தங்காது. இரண்டு கோடி பேர் இறந்தனர் என்று கதையில் வருவதை எடுத்து உண்மைபோல் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். அதுபோலவே, கதைதானே என்று ஈரக்குமிழ் வெப்பநிலையை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

ஒரு சிறு வேலையும் தருகிறேன். ஆசிரியன் பேச்சு வேலை தராமல் முடியாது. உங்கள் விஞ்ஞானப் பாடநூலிலும் பூகோளப் பாடநூலிலும் எங்கெல்லாம் ஓர் எண்ணைக் காண்கிறீர்களோ, அங்கெல்லாம் அது எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். தேடிக் கண்டுபிடித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். எண் மாறியிருந்தால் புதிய எண்ணையும் எழுதுங்கள். உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் என்னைப்போல் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால், மறுநாளும் பணிவோடு சென்று காட்டுங்கள். காலண்டர் சொன்னதையும் முதல் நாளில் எவரும் ஏற்கவில்லை.

இனி, 2009-இல் என் அறை வாயிலில் வந்து நின்ற அந்த மாணவனுக்கு ஒரு வார்த்தை. அவன் பெயரை இங்கே சொல்லமாட்டேன். இன்று அவன் முப்பது வயதை நெருங்கிய இளைஞனாய் எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பான். தம்பி, நீ இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் இருக்கலாம். நீ எழுதிய விடை சரி. பெருக்கல் குறியை அடித்துவிட்டேன். ஒரு மதிப்பெண் போட்டுக்கொள். அந்த மதிப்பெண் இனி உனக்கு எதற்கும் உதவாது என்பதை அறிவேன். ஆனால் விடைத்தாளைத் திருத்தியவன் பிழையையும் திருத்தவேண்டும் என்பது பள்ளிக்கூட முறை.